இறக்கும் முன் ஏற்றுவதை நினையுங்கள்

பழைய எம்.ஜி.பி. காரின் எஞ்சினை முதன்முறையாகக் கழற்றப் போகும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

உங்களில் பலருடைய கார் இப்போது எந்த நிலையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கிளட்ச் வழுக்குகிறது. அல்லது பெடலை முழுக்க மிதித்தாலும் ரிவர்ஸ் விழும்போது கரகரவென்று சத்தம். ஓர் இரவு நிறுத்தி வைத்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு எண்ணெய். எம்.ஜி.பி.யில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் மருந்து ஒன்றே. எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். மற்ற பல கார்களில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்சை மாற்றிவிடலாம். இந்தக் காரின் நடுச் சுரங்கம் குறுகலானது. எஞ்சினை அசைக்காமல் கியர்பாக்ஸைக் கீழ்வழியாக எடுக்க அது இடம் தராது.

ஆகவே எஞ்சினைக் கழற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்களே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்: இந்த எஞ்சின் எந்த வாரம் திரும்ப உள்ளே போகும்? பதில் வரவில்லையென்றால், வரும்வரை காரைத் தொடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விற்பனைக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் கவனித்துப் பாருங்கள். 'எஞ்சின் தனியே உள்ளது, பாகங்கள் பெட்டிகளில், உரிமையாளருக்கு நேரமில்லை' என்ற வகை விளம்பரங்கள் ஓயாமல் வரும். அந்தக் கார்களை விபத்து அழிக்கவில்லை, துருவும் அழிக்கவில்லை. ஆசையோடு வாங்கி, ஆசையோடு கழற்றி, ஏற்றுவதற்கு நாள் குறிக்காமல் விட்டவர்களின் கார்கள் அவை. பெட்டியில் போட்ட போல்ட் எந்த இடத்துப் போல்ட் என்பது ஒரு மாதம் நினைவில் நிற்கும், ஒரு வருடம் நிற்காது. எஞ்சினை இறக்க ஒரு நாள் போதும் என்பதால்தான் இந்த ஆபத்து. எளிதாக வந்துவிடுகிறது, வந்தபின் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று மனம் விரிகிறது. பெயின்ட் அடிக்கலாம், ஹெட்டை மாற்றலாம், சஸ்பென்ஷனையும் கழற்றலாம் என்று பட்டியல் நீள்கிறது. அங்கேதான் கார் நின்றுபோகிறது.

எம்.ஜி.பி. 1962இல் வந்தது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் சிட் எனெவர் தலைமையிலான பொறியாளர்கள் உருவாக்கிய வண்டி. 1980 வரை, ஜி.டி. வடிவத்தையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அதன் 1798 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் ஓட, புஷ் ராடு வழியாக வால்வு திறக்கும். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. எந்த நட்டையும் சாதாரண ஸ்பேனரால் அடையலாம்.

இந்த இடத்தில் நம் ஊர் நினைவு வராமல் போகாது. அம்பாஸடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இதே பி சீரிஸ் குடும்பம். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது அதே 1489 சி.சி. எஞ்சின்தான். கார்ப்பரேட்டர் இரண்டு, கேம் வேறு, கம்ப்ரெஷன் கூடுதல், அவ்வளவே. எம்.ஜி.பி.க்காக சிலிண்டரின் விட்டத்தை 73 மில்லிமீட்டரிலிருந்து 80க்குப் பெருக்கினார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர் என்பது மாறவே இல்லை. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக்கில் அம்பாஸடர் எஞ்சினைத் தூக்கிய மெக்கானிக்குகள் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஆபிங்டன் என்ற ஊரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் டேப்பெட் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லக்கூடிய காது அவர்களுடையது. நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் உங்கள் முதல் வேலை அப்படி ஒரு பெரியவரைத் தேடிப் போய்ப் பார்ப்பது. சென்னைப் புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடுவதைவிட அது அவசரம். பாகங்களை இங்கிலாந்திலிருந்து தருவித்துக்கொள்ளலாம், எம்.ஜி.பி.க்கு இன்றும் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. அந்தப் பெரியவரின் கையறிவை எங்கிருந்தும் தருவிக்க முடியாது.

(ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் தயாரான உங்கள் காரும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே சேசிஸ் வழி வந்தவை. உங்கள் பாடு வேறு, சொல்லப்போனால் சுகம். பானெட் முழுவதும் முன்னால் சாயும், கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். கிளட்சுக்காக எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை.)

இனி வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி. 1974 வரையான கார்களில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், இணைப்பைக் கழற்றுங்கள். 1967க்கு முந்தைய கார் என்றால் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதைப் பெரிதாக ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். சில வாரம் கழித்து மாட்டுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். பழைய உரிமையாளர் யாராவது நெகட்டிவுக்கு மாற்றியும் இருக்கலாம். புத்தகத்தை நம்பாமல் உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

பானெட்டை இருவராகக் கழற்றுங்கள். கீல் பதிந்திருக்கும் இடத்தைச் சுற்றி முதலில் பென்சில் கோடு போட்டுவிட்டால், திரும்ப மாட்டும்போது இடைவெளி சரிபார்த்து அரை நாள் அல்லாட வேண்டாம். தண்ணீர், எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் வடித்துவிடுங்கள். கியர்பாக்ஸில் இருப்பதும் எஞ்சின் ஆயிலே. அதை வடிக்காமல் சாய்த்தால் வால்பக்கம் வழியாகத் தரை முழுக்க ஓடும். ரேடியேட்டரை அதைத் தாங்கும் தகட்டோடு சேர்த்தே எடுப்பது நல்லது. ஆயில் கூலர் குழாய்கள், ஹீட்டர் ஹோஸ், சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக விடுபடும். பெட்ரோல் ஹோஸின் வாயை அடைத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றியபின் ஒரு துண்டுச் சீட்டு. வயர் என்றால் இரண்டு முனையிலும் சீட்டு.

இவற்றில் ஒன்றை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். பழைய எம்.ஜி.பி.யில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஹெட்டில் பதிந்த ஒரு சிறு குமிழிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று டேஷ்போர்டு வரை போகும், உள்ளே ஆவியாகும் திரவம். அந்தக் குழாய் முறிந்தால் மீட்டர் செத்தது என்று பொருள், நிபுணரிடம் அனுப்பித்தான் உயிர் வரும். குமிழின் நட்டைக் கழற்றியதும் குமிழ் ஹெட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும். முறுக்கி இழுக்காதீர்கள். துரு கரைக்கும் எண்ணெயை ஒரு வாரம் முன்பே தினமும் விட்டு வாருங்கள். வந்ததும் குழாயைப் பெரிய வளையமாகச் சுருட்டி, ஃபயர்வால் ஓரமாகக் கட்டித் துணி போர்த்துங்கள். இறங்கும் எஞ்சின் முதலில் உரசும் இடம் அதுவாகவே இருக்கும்.

காருக்கு அடியில்: சைலன்சர் குழாய் மேனிஃபோல்டோடு சேரும் நட்டுகள், பிராப்ளர் ஷாஃப்டின் நாலு போல்ட், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஓவர்டிரைவ் இருந்தால் அதன் வயர். பிராப்ளர் ஷாஃப்டின் இரு ஃபிளாஞ்சுகளிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள், அதே நிலையில் திரும்பச் சேர வேண்டும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை அதன் ஹைட்ராலிக் குழாயைத் தொடாமல், இரண்டு போல்டை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டால், பிறகு காற்றெடுக்கும் வேலை மிச்சம். கார் ஜாக்கியில் நிற்கும்போது அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் நாலு வாங்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

எஞ்சினை மட்டும் எடுப்பதா, கியர்பாக்ஸோடு சேர்த்தா என்று கேட்பீர்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. எஞ்சின் மட்டும் என்றால் குறைந்த உயரம் போதும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்ற வேண்டாம். அந்தச் சட்டத்தைத் திரும்ப மாட்டுவது இந்தக் காரிலேயே மிகத் தொல்லையான வேலை என்பதும் உண்மை. இருந்தாலும் முதன்முறை செய்பவர்களுக்கு நான் சேர்த்தே எடுக்கச் சொல்வேன். கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள்ளும், கிராங்க் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் சிறு வெண்கல புஷ்ஷுக்குள்ளும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நேராக நுழைய வேண்டும். அந்தச் சேர்க்கை வெளியே, தரையில், கண்ணுக்கு எதிரே நடந்தால் தவறு தெரிந்துவிடும். காருக்குள் இருட்டில் நடந்தால், நுழையாததை போல்ட் போட்டு இழுத்து நுழைக்கும் ஆசை வரும். எஞ்சினின் எடை அந்த ஒல்லியான ஷாஃப்டில் தொங்கி, புதிய கிளட்ச் பிளேட் வளைந்து, எல்லாம் மாட்டி முடித்தபிறகே அது தெரியவரும். இரண்டாம் முறை எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

இரண்டும் சேர்ந்தால் எடை 200 கிலோவை நெருங்கும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். எந்தத் துளையில் எவ்வளவு என்று கையிலேயே அச்சடித்திருப்பார்கள், பார்த்துவிட்டு மாட்டுங்கள். சாய்வை மாற்றித் தரும் லெவலர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். முன்பக்கம் மேலே, கியர்பாக்ஸ் வால் கீழே என்று செங்குத்துச் சாய்வில்தான் இது வெளியே வரும். தூக்கும்போது மூன்று பேர் போதும்: கிரேனை இயக்க ஒருவர், எஞ்சினின் தலைப்பக்கம் ஒருவர், காருக்குள் அல்லது பக்கவாட்டில் கியர்பாக்ஸைக் கவனிக்க ஒருவர். பேசுவது ஒருவர் மட்டும். தூக்கியபின் எங்காவது தடுத்தால் கிரேனை அழுத்தாதீர்கள், தடுப்பதைத் தேடுங்கள். மறந்துபோன எர்த் பட்டையோ ஏதோ ஒரு வயரோ நிச்சயம் இருக்கும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது. கார் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் சரி, விழுவதைப் பிடிக்கப் போகாதீர்கள்.

வெளியே வந்துவிட்டது. இப்போதுதான் உங்கள் உண்மையான வேலை தொடங்குகிறது. முன்னமே எழுதி வைத்த பட்டியலைத் தாண்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? எஞ்சின் உள்ளே இருக்கும்போது கை எட்டாதவை அனைத்தும், எட்டுபவை எதுவும் வேண்டாம். கார்ப்பரேட்டரை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், அதை இப்போது தொடாதீர்கள்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையது பார்க்க நன்றாக இருந்தாலும். எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது, கரி வளையம் ஒன்று உராய்ந்து தேயும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கிராங்க் நுனியின் புஷ், பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸின் சீல்கள், எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள், பிளாக்கின் கோர் பிளக்குகள் இவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஆயில் சீல் விஷயத்தில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று மெயின் பேரிங் எஞ்சின். அதில் பின்பக்கம் ரப்பர் சீலே இல்லை, ஷாஃப்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் எண்ணெயைத் திருப்பி அனுப்பும். கொஞ்சம் சொட்டுவது அதன் இயல்பு. 1964இன் இறுதியில் வந்த 18ஜிபியிலிருந்து ஐந்து மெயின் பேரிங், சீலும் உண்டு.

அந்த எஞ்சின் எண்ணைப் பற்றி ஒரு வேண்டுகோள். சிலர் இந்த நேரத்தில் பழைய எஞ்சினைத் தள்ளிவிட்டு வேறொன்றை வைக்கச் சொல்வார்கள். அதிக சக்தி, குறைந்த தொல்லை என்பார்கள். உங்கள் கார், உங்கள் விருப்பம். ஆனால் ஆபிங்டனிலிருந்து எந்த எஞ்சினோடு அந்தக் கார் வெளியே வந்தது என்ற தயாரிப்புப் பதிவு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது, சான்றிதழாகவும் வாங்கலாம். அறுபது வருடம் ஒன்றாக இருந்த எஞ்சினும் பாடியும் பிரிந்தால் பிறகு சேர்வது அரிது. மாற்றத்தான் வேண்டும் என்றால் பழையதை விற்காமல், எண்ணெய் தடவி, மூடி வையுங்கள்.

எஞ்சின் இல்லாத அந்த வெற்றிடத்தையும் பாருங்கள். பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் இணைப்பு, மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பிரேக் ஆயில் தின்ற பெயின்ட், ஹீட்டர் பெட்டியில் தேங்கிய இலைக் குப்பை. ஹீட்டர் பெட்டியைக் கழற்ற இதைவிட நல்ல சமயம் வராது. கழுவி, துரு சுரண்டி, பிரஷ்ஷால் பெயின்ட் அடியுங்கள். கண்ணாடி போல் பளபளக்க வேண்டியதில்லை. காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா, ஓட்டப் போகிறீர்களா?

திரும்ப ஏற்றும் நாளில் அவசர வேலை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இறக்கியதைவிட நேரம் பிடிக்கும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவியைப் போட்டே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது கியர் ஒன்றைப் போட்டு, பின்முனையை மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்தி இரண்டும் தானாகவே நெருங்கும். நெருங்கியபின்தான் போல்ட். மவுண்டிங் போல்ட்டுகளையும் குறுக்குச் சட்டத்தையும் எல்லாம் நுழையும்வரை தளர்வாகவே விடுங்கள், ஒன்றை முதலில் இறுக்கினால் மற்றது துளைக்கு வராது.

எர்த் பட்டை. இதை ஒரு தனி வரியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் அந்தச் செப்புப் பட்டையை மாட்ட மறந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் பழுக்கக் காய்ச்சிய கம்பியாகிவிடும், பக்கத்தில் பெட்ரோல்.

நாலேகால் லிட்டர் எண்ணெய், ஆயில் கூலர் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஸ்டார்ட் ஆகாமல் சுற்றவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறுவதைப் பாருங்கள். நெடுநாள் நின்ற பி சீரிஸ் எஞ்சினில் ஆயில் பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டு எண்ணெயை இழுக்காமல் போவது உண்டு. ஏறவில்லையென்றால் ஆயில் கூலர் குழாய் வழியாக எண்ணெயை ஊற்றி நிரப்பி மறுபடி சுற்றுங்கள். பிரஷர் காட்டாத எஞ்சினை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்போமே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும், கேம் ஷாஃப்ட் புதிதென்றால், ஐடிலில் விடாதீர்கள். சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓட வேண்டும், கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. இன்றைய கார் ஆயில்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு. இந்த வகை டேப்பெட்டுக்கு அது தேவை என்பதால் பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ50 எண்ணெயை வாங்குங்கள். பழைய கேமே என்றால் இந்தக் கவலை இல்லை, சூடேறும்வரை ஓடவிட்டுக் கீழே விளக்கடித்துப் பாருங்கள். நன்கு சூடானபின் ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. பிரஷர் இருக்க வேண்டும். ஐடிலில் 10 முதல் 25 வரை இறங்கினால் பதற வேண்டாம், தொழிற்சாலைக் கையேடே அதை ஏற்கிறது.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும், பத்து கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து, ஆறவிட்டு, மேனிஃபோல்டு நட்டுகள், பிராப்ளர் ஷாஃப்ட் போல்ட்டுகள், மவுண்டிங்குகள், தண்ணீர் ஹோஸ் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருந்தால் 800 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஹெட்டைக் கழற்றியிருந்தால் அதே நேரத்தில் எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளை வரிசை மாறாமல் 45 முதல் 50 பவுண்டு-அடி வரை மறுபடி இறுக்கி, அதன்பின் டேப்பெட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். அந்த டேப்பெட் வேலைக்கு மட்டுமாவது நான் சொன்ன அம்பாஸடர் பெரியவரை வீட்டுக்கு அழையுங்கள். ஃபீலர் கேஜை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அன்புடன்,
பழைய எம்.ஜி. ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் அண்ணன்